மண்டோரின் தூக்கம்

மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது கோலசிலாங்கூர் வட்டாரத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதற்கும் முன்னால் எழுபவர் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர்.

அறுத்த குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். காய்ப்பு மிகுந்த மாதங்களில் கடைசி லோரி கிளம்பும்வரை மண்டோருக்கு வீட்டு நினைப்பே கிடையாது.

தூக்கம் கெட்டால் கைகால் தளரும் என்கிறோம். கணிப்பும் தளர்கிறதே! காலையில் மின்கம்பி ஓரத்து மரத்தைப் பார்த்து, "அலுமினியக் கழியைத் தூக்காதே, தள்ளி நில்லு!" என்று சத்தம் போட்டவர், மாலையில் அதே மரத்தைக் காட்டி, "பார்த்து அறுப்பா, இன்னும் ரெண்டு குலைதானே" என்பார். கம்பி என்னவோ அதே உயரத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கண்-கை ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவர் அளவுக்கு இறங்கியிருந்தது. காலை நாலுக்கு எழுந்தவருக்கு அது இரவு ஒன்பது மணி. குடித்தவரை வாடை காட்டிக்கொடுக்கும். தூக்கக் கலக்கத்துக்கு வாடை ஏது? களைத்தவரும் தான் தெளிவாக இருப்பதாகவே நம்புவார்.

கம்பி ஓரத்து மரங்களைக் காலையிலேயே அறுத்து முடித்துவிட்டால், மாலையில் அறுக்கலாமா வேண்டாமா என்ற முடிவை யாரும் எடுக்க வேண்டியதில்லை.