கல்லடைப்பு: யாருக்கு எந்த வைத்தியம்?
(கொலன்னாவையில் தோட்டத்து உறவுகளின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும், கிளினிக்குக்காக மலைநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இன்று நாங்கள் பேச வந்தது கல்லடைப்பைப் பற்றி. மலையில் ஒதுங்க இடமில்லையென்று கொழுந்தெடுக்கும் பெண்கள் பலர் தண்ணி குடிப்பதையே குறைத்து விடுகிறார்கள். கல் உண்டாக அது ஒரு முக்கிய காரணம்.

"ஒப்பரேசன் செய்யணுமா?" இதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. கல்லின் அளவும் அது இருக்கும் இடமும்தான் அதற்குப் பதில் சொல்லும்.

5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே சிறுநீரோடு போய்விடும். தண்ணியும் டொக்டர் தரும் வலி மாத்திரையும் போதும். 5க்கும் 10க்கும் இடைப்பட்டதென்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் போகும்.

போகாவிட்டால் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அதிர்வலை. 1980இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாகச் செய்தார்கள். கத்தி படாது, வெளியிலிருந்தே கல்லை உடைக்கும். ஆனால் ஒரு தடவையில் முடியாமலும் போகலாம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

இரண்டாவது, சிறுநீர் வரும் வழியாலேயே மெல்லிய கருவியை விட்டு லேசரால் உடைப்பது. குழாயில் சிக்கிய கல்லுக்கு நல்லது. மயக்க மருந்து தேவை.

மூன்றாவது, முதுகில் சிறு துளையிட்டு எடுப்பது. 20 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்கு இதுவே பொருத்தம். சில நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும்.

பொல்பலாக் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு என்று குடிப்பவர்கள் உண்டு. பெரிய கல்லை அவை கரைக்கும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. வலி நின்றால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடைப்பு தொடர்ந்தால் சத்தமில்லாமலே சிறுநீரகம் கெட்டுப்போகும்; மறு ஸ்கேன் கட்டாயம். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ சேர்ந்தால், சிறுநீர் வராமல் நின்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அடுத்தது, சிலருக்கு ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து அனுப்புவார்கள். அது தற்காலிகமானது. ஊருக்குப் போய் மறந்துவிட்டால் அதன்மேலேயே கல் படியும். எடுக்க வேண்டிய திகதியைத் துண்டில் எழுதி வாங்கி, லயத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

ஒரு நாள் பேர் போகுதே என்று கிளினிக்கை விடாதீர்கள். போன பேரை அடுத்த மாதம் பிடிக்கலாம். போன சிறுநீரகத்தைப் பிடிக்க முடியாது.