பெட்டியடிப் பாடம்



இளைய தலைமுறைக்குத் தொழில் வழியே பணம் பற்றிய அறிவைக் கொடுப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு சுண்டல் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஆசிரியராக இருந்த காலம். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் சுண்டல் கடை போட வந்தார்கள். முதல் நான் தருகிறேன் என்றேன். 500 ரூபாய். சும்மா இல்லை, கடனாக. ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், அன்றன்று எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கொண்டைக்கடலை 250, தேங்காய் 120, எண்ணெய் கடுகு மிளகாய் பெருங்காயம் 60, காகிதக் கப் 70. முதல் முழுக்கத் தீர்ந்தது. கப் பத்து ரூபாய் என்று விலை வைத்து எழுபது கப் விற்றார்கள். சாயங்காலம் ஓடி வந்து, "சார், எழுநூறு ரூபாய் லாபம்!" என்றார்கள்.

நோட்டைத் திறக்கச் சொன்னேன். என் கடன் 500-ஐக் கழித்தார்கள். லாபம் இருநூறு ஆயிற்று. பெட்டியை எண்ணச் சொன்னேன். 590 தான் இருந்தது. முகம் வாடிவிட்டது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் நினைவு வந்தது, பதினொரு கப் நண்பர்களுக்குக் கடன். அப்படியானால் 110 ரூபாய் லாபமா, இல்லையா? நோட்டில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. லாபம் வேறு, கையிருப்பு வேறு என்பதை நான் கரும்பலகையில் பத்து முறை எழுதியிருந்தாலும் அவர்கள் மனத்தில் ஏறியிருக்காது. அன்றைக்கு ஏறியது.

அடுத்து, காஸ் யாருடையது என்று கேட்டேன். ஒரு வீட்டுச் சிலிண்டர். நாற்பது ரூபாய் என்று அவர்களே போட்டார்கள். கையில் நின்றது ஐம்பது. நான்கு பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டரை ரூபாய். அப்போது அந்த நால்வரில் ஒரு பெண் கேட்டாள்: "சார், எங்க அம்மா விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து வேக வெச்சுத் தாளிச்சுக் கொடுத்தாங்க. அவங்களுக்கு எவ்வளவு எழுதணும்?"

நான் பதில் சொல்லவில்லை. நால்வரும் வெகுநேரம் பேசினார்கள். என்ன முடிவு செய்தார்கள் என்பதைவிட அந்தக் கேள்வி பிறந்ததுதான் பெரிது. தன் வீட்டுச் சமையலறையில் கணக்கில் வராத உழைப்பு ஒன்று இருக்கிறது என்பதைப் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி சுண்டல் விற்றுக் கண்டுபிடித்தாள்.

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்றே ஓர் இயல் இருக்கிறது. லாபம், நட்டம், தள்ளுபடி, கூட்டு வட்டி எல்லாம் அதில் உண்டு. ஒருவர் ஒரு பொருளை இவ்வளவுக்கு வாங்கி இவ்வளவுக்கு விற்றார் என்று கேள்வி வரும். அந்த ஒருவர் யார் என்று பிள்ளைக்குத் தெரியாது. அவர் நஷ்டப்பட்டால் பிள்ளைக்கு வலிக்காது. வலிக்காத கணக்கு தேர்வு முடிந்த அன்றே மறந்துபோகும். கணக்குப்பதிவியலோ பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு மட்டும். மற்ற பிள்ளைகளெல்லாம் பணமே தொடாமல் வாழப்போகிறார்களா?

நான் பேசிக்கொண்டிருப்பது காரைக்குடியில். இந்த மண்ணில் பணக்கல்வி என்பது புதிய சொல்லாக இருக்கலாம், புதிய பழக்கம் அன்று. இந்தப் பகுதி நகரத்தார் என்கிற செட்டியார்களின் வட்டிக்கடைகளில் 'பெட்டியடிப் பையன்' என்று ஒரு வேலை இருந்தது. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்கிற நீண்ட கூடத்தில், ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு நிறுவனத்துக்கும், ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் சிறுவன் உட்காருவான். சில்லறை எண்ணுவான், கடிதம் கொண்டுபோவான், குறிப்பில் எழுதுவதைப் பார்ப்பான், பேரேட்டில் ஏற்றப் பழகுவான். பின்னால் அடுத்தாள் ஆவான். அதற்கும் பின்னால் மேலாள், அதாவது ஏஜெண்டு. ஊருக்கு ஐந்தொகை அனுப்பும் பொறுப்பு அப்போதுதான் வரும். எண்சுவடியில் 320-இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் மனக்கணக்காகப் போட்ட பிள்ளைகள் அவர்கள். எந்தப் பாடமும் பெட்டியை விட்டு விலகி நடக்கவில்லை.

வீட்டிலும் ஒரு பாடம் இருந்தது. கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. அதே வீடு, அதே வளவு, அடுப்பு மட்டும் தனி. ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்து, இதற்குள் குடித்தனம் நடத்துங்கள் என்று விட்டுவிடுவார்கள். பெற்றவர்கள் பக்கத்து அறையிலேதான் இருப்பார்கள். கை நீட்டினால் எட்டும் தூரம். ஆனால் சிக்கனமும் திட்டமும் அந்தச் சின்னஞ்சிறு குடும்பத்தின் பொறுப்பு. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு வரவுசெலவுத் திட்டம் கற்பிக்க இதைவிட நல்ல வழியை நான் எங்கும் படித்ததில்லை.

பெருமையோடு நிறுத்திக்கொண்டால் நான் உங்களுக்கு உண்மை சொன்னவன் ஆகமாட்டேன். பெட்டியடிப் பையன் படிக்க வேண்டிய வயதில் கடல் கடந்தான், தாய் முகம் பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தான். அதை நாம் திரும்பக் கொண்டுவரக் கூடாது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். நான் கேட்பது பள்ளிக்கூடத்து நிழலில், பிள்ளைகளே நடத்தும், பிள்ளைகளே பங்கு பிரிக்கும் சின்னக் கடை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. 1930-இல் பர்மாவில் செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650. போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவனால் திருப்ப முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-க்குள் மொத்த நிலத்தில் கால் பங்காயிற்று. கொடுத்தவர்கள் கேட்டது பணம், வந்து சேர்ந்தது நிலமும் பகையும். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது பலர் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. முந்திரி பிசகாமல் கணக்கு எழுதிய கடைகள்தான் அவை. எதிரே நின்று கடன் வாங்கியவனின் கணக்கு என்ன ஆகும் என்பது அந்தப் பேரேட்டில் எழுதப்படவில்லை. ஆகவே இன்றைக்கு நாம் சொல்லிக்கொடுக்கும்போது பெட்டியின் இரண்டு பக்கத்திலும் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். விற்பவனாக ஒரு நாள், கடன் வாங்குபவனாக ஒரு நாள்.

கடன் வாங்குபவனின் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு பாருங்கள். நம் சந்தையில் தண்டல் வாங்காத காய்கறிக் கடை குறைவு. பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்பார்கள். பிடித்துக்கொண்டு கையில் தருவது எட்டாயிரத்து ஐந்நூறு. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே, நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் தண்டல் வாங்கிய காய்கறிக் கடை அக்கா முதல் நாளிலிருந்தே திருப்பிக்கொண்டிருக்கிறார். நூறு நாளும் முழுப் பணமும் அவர் கையில் இல்லை, சராசரியாகப் பாதிதான் இருந்தது. காலமும் நூறு நாள்தான், ஓர் ஆண்டு அன்று. போட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையால் போட முடியும். தன் அம்மாவுக்காக, தன் அப்பாவின் தள்ளுவண்டிக்காகப் போட முடியும். அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருப்பது தெரிய வேண்டுமானாலும் முதலில் வட்டி எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

இப்போது தண்டல்காரர் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி, பெட்டி திறக்கும் சத்தம்கூட இல்லாமல் பணம் போகும் யுபிஐ. பணம் வாங்குவதற்கு ஒருநாளும் ரகசிய எண் போட வேண்டியதில்லை, கொடுப்பதற்குத்தான் போட வேண்டும் என்ற ஒரே ஒரு செய்தி தெரியாமல் எத்தனை வீட்டில் சேமிப்பு போயிருக்கிறது! கடை நடத்திய பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும். நாளுக்கு முப்பது முறை பணம் வாங்கியவள் அவள். ஒருமுறைகூட ரகசிய எண் கேட்கவில்லையே என்று உடனே சந்தேகப்படுவாள்.

நாங்கள் படித்தபோது சஞ்சயிகா இருந்தது. பள்ளிக்குள்ளேயே பிள்ளைகளுக்கான சேமிப்பு வங்கி. கடலை மிட்டாய்க் காசைக் கட்டி, சின்னப் புத்தகத்தில் தொகை ஏறுவதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம். அது நல்ல திட்டம், அதை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அதில் சேர்க்க மட்டும்தான் கற்றோம். காசு எப்படி உண்டாகிறது, எங்கே கசிகிறது என்று கற்கவில்லை. இரண்டும் ஒரே நோட்டில் வர வேண்டும். கடையில் வந்த பன்னிரண்டரை ரூபாய் வங்கிக்குப் போக வேண்டும். பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே அனுமதித்துவிட்டது. எத்தனை வீடுகளில் திறந்து கொடுத்திருக்கிறோம்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி விழாக்களில் கடை போடச் சொல்கிறீர்கள், மகிழ்ச்சி. அம்மா சமைத்து, அப்பா முதல் போட்டு, பிள்ளை நின்று விற்றுக் காசைப் பையில் போட்டுக்கொண்டு போனால் அதில் பாடம் இல்லை. முதலைக் கடனாகக் கொடுங்கள். நோட்டைக் கேளுங்கள். அதிகம் விற்ற கடைக்குப் பரிசு தராதீர்கள், கணக்கு உதைக்காத நோட்டுக்குத் தாருங்கள். நட்டம் வந்த கடையை மேடையேற்றி, ஏன் வந்தது என்று அந்தப் பிள்ளைகளையே பேசச் சொல்லுங்கள், கைதட்டலோடு.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம் கடினமானது. பிள்ளையின் கடையில் பணம் குறைந்தால் உங்கள் மனம் தாங்காது. சட்டைப்பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்துப் பெட்டியில் போட்டுச் சரிக்கட்டிவிடத் தோன்றும். போடாதீர்கள். அந்தச் சுண்டல் கடையில் பதினொரு கப் கடனை வசூலிக்க என் மாணவர்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு பையன் கடைசிவரை தரவே இல்லை. அந்தப் பத்து ரூபாயை நான் போட்டிருக்கலாம். போடவில்லை. உங்கள் வீட்டிலும் அந்தப் பத்து ரூபாயைப் போடாமல் இருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.