தீவக அடுக்களையில் வெங்காயத்தாள்



மேல்நாட்டார் சூப்பின்மீதும் முட்டையின்மீதும் பசுமையாக அரிந்து தூவும் ‘சைவ்ஸ்’ என்னும் தழை, வெங்காயத்தின் இனத்தைச் சேர்ந்ததே. அதன் வேலையை நம் அடுக்களையில் வெங்காயத்தாளும் வெங்காயப்பூவும் செய்கின்றன. ஆயினும் தீவகத்தார் யாவரும் இவற்றை வாடாமற் பெறுவது எளிதன்று.

ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் மரக்கறியோ குறிகட்டுவான் துறையிற் படகேற வேண்டும். வெயிலிற் காத்திருக்கும் தாள் விரைவில் துவளும். ஆதலின் வாங்கும்போதே கவனம் வேண்டும். தாள் நிமிர்ந்து நிற்கவேண்டும்; நுனி மஞ்சளாகவோ அடி வழுவழுப்பாகவோ இருத்தல் ஆகாது. பூவின் மொட்டு விரிந்துவிட்டால் தண்டு நாராகும். மொட்டு மூடியிருப்பதையும், வளைத்தால் ஒடியும் தண்டையும் தெரிந்தெடுங்கள். ஈரத்துணியிற் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

கழுவிய பின்னரே அரியவேண்டும். அரிந்ததை நீரில் ஊறவிட்டால் சுவையும் சத்தும் நீரோடு போகும். வறைக்குக் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, முதலிற் பூந்தண்டையும் தாளின் வெள்ளைப் பகுதியையும், பின்னர்ப் பச்சைப் பகுதியையும் இடுக. உப்பும் மஞ்சளும் சேர்த்து, தாள் துவண்டதும் தேங்காய்ப்பூவைக் கலந்து இறக்கித் தேசிக்காய்ப்புளி விடலாம். சொதிக்காயின், இறக்கியபின் ஒரு பிடி தூவினாற் போதும். நெடுநேரம் கொதித்தால் மணம் கெடும்.

வாங்குவதினும் வளர்ப்பது நன்று. அடியில் துளையுள்ள மண்சட்டியில் 10 சின்ன வெங்காயங்களை நட்டால், சில வாரங்களில் தாள் கொய்யலாம். தோட்டத்துப் பயிரிற் கொய்யாதீர்கள். தாளே வெங்காயத்துக்கு உணவாக்கும் உறுப்பு. அதை இழந்த பயிரில் வெங்காயம் சிறுத்துவிடும்.

இங்கு நீரையும் எண்ணவேண்டும். தீவுகளின் நன்னீர், மாரிமழை சுண்ணக்கல்லினுள் இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். வெங்காயமோ உவரைத் தாங்காது. ஆகவே அரிசியும் மரக்கறியும் கழுவிய நீரைச் சட்டிக்கு வாருங்கள். உப்பிட்ட நீரும் மீன் கழுவிய நீரும் வேண்டா.

படகை எதிர்பாராமலும், கிணற்றை வருத்தாமலும், ஒரு பிடிப் பசுமை கைக்கெட்டும் இடத்தில் நிற்கும். அந்த ஒரு சட்டியை இவ்வாரமே வைத்துப் பாருங்கள்.