பட்டணத்தில் பிள்ளைக்கு ஓர் அறை

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு வந்தது. பெயரைப் பதிந்து பெரட்டுக்குப் போனவருக்கு லயத்தில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். வேலை முடிந்ததும் அந்த வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். நடுவில் வாடகை, முன்பணம், ஒப்பந்தம், ரசீது என்ற பேச்சே எழவில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படி வாழ்ந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போகிறது. முதலாண்டு விடுதியில் கழிகிறது. இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், "அப்பா, விடுதியில் இடமில்லையாம், வெளியில் அறை பார்க்க வேண்டும்" என்று போன் வருகிறது. பால்மரத்தைப் பற்றியோ செம்பனையைப் பற்றியோ கேட்டிருந்தால் அப்பா உடனே பதில் சொல்லியிருப்பார். இதற்கு என்ன சொல்வார்? அந்தப் பதிலைத்தான் இன்று பேசப் போகிறோம்.

விடுதியை எளிதில் விட்டுவிட வேண்டாம் என்பது என் முதல் வார்த்தை. பல பல்கலைக்கழகங்களில் விடுதி நடவடிக்கைகளில் கலந்துகொள்ளும் மாணவர்களுக்குப் புள்ளி உண்டு. அடுத்த ஆண்டு யாருக்கு இடம் என்று பார்க்கும்போது அந்தப் புள்ளிகளையும் கணக்கில் எடுப்பார்கள். நம் பிள்ளைகள் சிலர் கூச்சத்தால் எதிலும் சேராமல் அறைக்குள்ளேயே புத்தகமும் கையுமாக இருந்துவிடுகிறார்கள். விளையாட்டிலோ கலைநிகழ்ச்சியிலோ பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் படிப்பைக் காப்பாற்றுகிற காரியமே.

அடுத்து, உறவினர் வீடு. "கிள்ளானில் சித்தப்பா இருக்கிறாரே, ராவாங்கில் அத்தை இருக்கிறாளே" என்று உடனே நமக்குத் தோன்றும். வாடகை மிச்சம், சாப்பாடும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பிள்ளை விடியுமுன் எழுந்து, பேருந்து மாறி, ரயில் மாறி வகுப்புக்குப் போய், இரவு திரும்பி எப்போது படிப்பது? அந்த வீட்டில் கல்யாணம் காட்சி என்றால் ஓடியாட வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மறுக்கவும் முடியாது. முதல் ஒரு மாதம் தங்கி வீடு தேட உறவினர் வீடு உதவும். மூன்று ஆண்டுக்கு அது சரிப்படுமா என்பதை ஆர அமர யோசியுங்கள்.

இனி இடம் பார்ப்போம். மலாயாப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் லெம்பா பந்தாயில் இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் பந்தாய் டாலாம், கெரிஞ்சி, பெட்டாலிங் ஜெயாவில் 17ஆம் பிரிவு ஆகிய பக்கங்களில் அறை தேடுவது வழக்கம். பக்கத்தில் கிடைத்தால் நல்லது. ஆனால் பக்கம் என்பதாலேயே வாடகை ஏறியிருந்தால் சற்றுத் தள்ளிப் பாருங்கள். 1998இல் ஓடத் தொடங்கிய கிளானா ஜெயா ரயில் தடத்தில் "யுனிவர்சிட்டி" என்றே ஒரு நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அது பல்கலைக்கழக வாசலில் இருப்பதாக நினைக்க வேண்டாம். இறங்கிப் பேருந்து ஏற வேண்டும். அதே தடத்தில் நாலைந்து நிலையம் தள்ளி, நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை கிடைத்தால் மோசமில்லை. மலேசியக் குடிமக்களுக்கு "மை50" என்று ஒரு பயண அட்டை உண்டு. 50 வெள்ளி கட்டினால் 30 நாளைக்கு ரேப்பிட் பேருந்திலும் அந்த ரயில்களிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். வாடகையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துத்தான் எது மலிவு, எது கிராக்கி என்று சொல்ல வேண்டும்.

பணத்துக்கு வருவோம். இங்கேதான் நம்மவர்கள் திடுக்கிட்டுப் போகிறார்கள். மாத வாடகை மட்டும் கையில் இருந்தால் வீடு கிடைக்காது. இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, தண்ணீர் மின்சாரத்துக்காக அரை மாத வாடகை, முதல் மாத வாடகை, இவை எல்லாம் சாவி வாங்கும் முன்பே கட்ட வேண்டியவை என்பதுதான் நம் நாட்டுப் பரவலான வழக்கம். ஒரு வீட்டுக்கு மாதம் 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000, பிறகு 750, பிறகு 1,500. மொத்தம் 5,250 வெள்ளி. ஐந்து மாணவர் சேர்ந்தால் தலைக்கு 1,050. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் போகும் என்றால், முந்தைய ஆண்டிலிருந்தே சேர்க்க வேண்டாமா? கல்விக் கடன் பருவத்துக்கு ஒரு முறை வருவது. வாடகையோ மாதா மாதம். கடன் பணம் வந்த அன்றே அந்தப் பருவத்து வாடகையைத் தனியே ஒதுக்கிவிடப் பிள்ளையைப் பழக்குங்கள்.

கூட்டாகப் பணம் போடுவது நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டமே வாங்கிய தொழிலாளர்கள் நாம். ஆனால் அங்கே யார் எவ்வளவு போட்டார் என்பதற்குக் கணக்கு இருந்தது. ஐந்து மாணவர் சேர்ந்து வீடு எடுக்கும்போதும் அந்தக் கணக்கு வேண்டும். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், நடுவில் ஒருவன் கம்பி நீட்டும்போது அவனுடைய பங்கும் அந்த ஒருவர் தலையில்தான் விடியும். எல்லார் பெயரையும் போடச் சொல்லுங்கள். யார் விலகினால் யார் ஆள் பார்ப்பது என்பதைத் தங்களுக்குள்ளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். நட்பு கெட்டுவிடாதா என்று கேட்பார்கள். எழுதாமல் விட்டதால் கெட்ட நட்புதான் அதிகம்.

கைத்தொலைபேசியில் அழகான படம், மலிவான வாடகை, "நிறையப் பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே முன்பணம் அனுப்பினால் உங்களுக்குத்தான்" என்ற அவசரம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஜாக்கிரதை. வீட்டைக் கண்ணால் பார்த்து, கதவைத் திறந்து உள்ளே நிற்கும் வரை ஒரு காசும் அனுப்ப வேண்டாம். தரகர் வந்தால் அவர் வாரியத்தில் பதிவு பெற்ற எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்றவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏமாந்து அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால் அழுதுகொண்டிருக்கக் கூடாது. உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். இத்தகைய மோசடிகளுக்கென்றே 2022இல் ஏற்பட்ட தேசிய மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுக்க வழியுண்டு.

கசப்பான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். சில விளம்பரங்களில் இன்ன இனத்தாருக்கு மட்டும் என்றே எழுதியிருக்கும். சில இடங்களில் எழுதியிருக்காது. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் "அறை போய்விட்டது" என்பார்கள். இதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. பத்து இடத்தில் இப்படிக் கேட்ட பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துவிடும். குறை பிள்ளையிடம் இல்லை என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நேரத்தை வீணாக்காமல் முதல் பேச்சிலேயே யார், எத்தனை பேர் என்று சொல்லிவிடுவது நல்லது. படிப்பு முடித்துக் காலி செய்யும் மூத்த மாணவர்களைக் கேட்பது இன்னும் நல்லது. வீட்டுக்காரருக்கு அவர்களைத் தெரியும், அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். பல்கலைக்கழக இந்திய மாணவர்களிடம் இந்தச் செய்தி கைமாறிக்கொண்டே இருக்கும். ஆண்டு முடியும் தறுவாயில் விசாரிக்க வேண்டும், புதுப் பருவம் தொடங்கிய பிறகு அல்ல.

தாய்மார்களே, உங்கள் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரியும். மகளை எப்படித் தனியே விடுவது? இந்த ஒரு பயத்தால் கிடைத்த இடத்தையே கைவிட நினைக்கும் குடும்பங்கள் உண்டு. பயம் நியாயமானது. ஆனால் பயந்துகொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருப்பதைவிட, ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று நேரில் போய்ப் பாருங்கள். பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை. ரயில் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை மகளோடு நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா? அறைக்குத் தனிப் பூட்டு உண்டா? வீட்டில் எல்லாரும் பெண்கள்தானா, வீட்டுக்காரர் தம்மிடம் இன்னொரு சாவி வைத்துக்கொண்டு நினைத்தபோது வருவாரா? சமைக்கலாமா, சாமி விளக்கு ஏற்றலாமா, சாம்பிராணி போடலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிறகு சண்டை வராது. அங்கே குடியிருக்கும் இன்னொரு பெண்ணிடம் ஐந்து நிமிடம் பேசினால், விளம்பரத்தில் இல்லாத சங்கதியெல்லாம் வந்துவிடும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். 18 வயதான பிள்ளையே கையெழுத்திடலாம், ஆனால் நீங்களும் பக்கத்தில் இருங்கள். ஓராண்டுக்கு என்று எழுதியிருந்தால் விடுமுறை மாதங்களுக்கும் வாடகை உண்டு. தொழில் பயிற்சிக்காக வேறு ஊர் போக நேர்ந்தால் எத்தனை மாத அறிவிப்பு கொடுத்து விலகலாம் என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் வாடகையில் சேர்த்தியா, குளிர்சாதனத்துக்குத் தனி மீட்டரா என்பதும் தெரிய வேண்டும். கையெழுத்தான தாளுக்கு வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வாடகை பாக்கி என்றாலும், வாடகைதாரரை நீதிமன்ற ஆணையில்லாமல் பூட்டை மாற்றி வெளியே தள்ள வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. சட்டம் அப்படித்தான். தோட்டத்து வீட்டில் வாழ்ந்த நமக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன்.

குடிபோகும் நாளில் சுவர், குழாய், கட்டில், மெத்தை, மீட்டர் எண் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடச் சொல்லுங்கள். காலி செய்யும்போது வைப்புத் தொகையைத் திருப்பித் தராமல் "சுவரில் கறை, குழாய் உடைசல்" என்று இழுத்தடித்தால் அந்தப் படங்கள் பேசும். அப்படியும் தராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு அந்த வழி திறந்திருக்கிறது. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நீதிமன்ற அலுவலகத்தில் பாரம் வாங்கி, ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீதுகள், படங்கள் ஆகியவற்றோடு பிள்ளையே போய்ப் பதியலாம்.