கோட்பாடுகள் வேரூன்றுவதும் வீழ்வதும்: பாலக்காடு வயல்களும் மூணாறு மலைச்சரிவுகளும் தரும் பாடம்

(எல்லைப்புறத் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

தேயிலைத் தோட்டங்களில் கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் நிர்வாகத்தின் பக்கமிருந்து ஒரு வாக்கியம் தவறாமல் வரும். "கூலிக்கு ஒதுக்கக்கூடிய தொகை இவ்வளவுதான், இதற்குமேல் கேட்டால் தோட்டத்தை மூட வேண்டியதுதான்." கேட்பவருக்கு இது கணக்குப்பிள்ளையின் கணக்கு போலத் தோன்றும். உண்மையில் இது ஒரு பொருளாதாரக் கோட்பாடு. அதன் பெயர் கூலி நிதிக் கோட்பாடு. அதை வளர்த்தெடுத்த அறிஞர்களில் முதன்மையானவரே அதைக் கைவிட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் இடுக்கி மலைகளில் அது இன்னும் உயிரோடு உலவுகிறது.

ஒரு கோட்பாடு எவ்வாறு ஏற்பைப் பெறுகிறது, எவ்வாறு மாறுகிறது, பிழையென்று நிறுவப்பட்ட பிறகும் ஏன் நீடிக்கிறது ஆகிய மூன்று கேள்விகளே இன்றைய பொருள். விடைகளை இலண்டன் நூலகங்களில் மட்டும் தேட வேண்டியதில்லை. பாலக்காட்டு வயல்களிலும் மூணாறு லயங்களிலும் பிளாச்சிமடைக் கிணறுகளிலும் அவை கிடைக்கின்றன.

கைவிடப்பட்ட கோட்பாட்டின் கதை

கூலி நிதிக் கோட்பாட்டின்படி, ஒரு காலகட்டத்தில் கூலிக்கென மூலதனத்தில் ஒதுக்கப்பட்ட தொகை நிலையானது. அதைத் தொழிலாளர் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே கூலி. ஒரு பிரிவினர் சங்கம் அமைத்துக் கூடுதலாகப் பெற்றால், இன்னொரு பிரிவினர் இழப்பர். எனவே வேலைநிறுத்தம் பயனற்றது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரிட்டனில் இது பாடநூல் உண்மையாக விளங்கியது.

இதை ஏற்கச் செய்தது எது? முதலாவதாக, இதில் ஒரு துளி உண்மை இருந்தது. அறுவடைக்கு முன்பே உழைப்பாளிக்கு உணவு வேண்டும்; அது முன்பே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதாக, ஆலை முதலாளிகளுக்கு இது மிகவும் தேவைப்பட்டது. மூன்றாவதாக, பல்கலைக்கழகமும் பத்திரிகையும் நாடாளுமன்றமும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி இயற்கை விதிபோல ஆக்கின.

1865இல் முதலாம் அகிலத்தின் பொதுக்குழுவில், ஜான் வெஸ்டன் என்ற தோழர் இதே அடிப்படையில் கூலி உயர்வுப் போராட்டங்கள் வீண் என்று வாதிட்டார். அவர் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்தவர். ஆளும் வர்க்கத்தின் கோட்பாடு போராடுபவர்களின் சிந்தனைக்குள்ளும் புகுந்துவிடும் என்பதற்கு இது சான்று. அவருக்கு மறுப்பாக மார்க்ஸ் ஆற்றிய உரையே பின்னர் 'கூலி, விலை, லாபம்' என்ற நூலாக வெளிவந்தது. உற்பத்தியான புதிய மதிப்பு கூலியாகவும் லாபமாகவும் பிரிவதற்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட எல்லை எதுவும் இல்லை. இரு தரப்பின் பலமே அதைத் தீர்மானிக்கிறது என்று அவர் விளக்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1869இல், ஜான் ஸ்டூவர்ட் மில்லும் கூலி நிதிக் கோட்பாட்டைக் கைவிட்டார். இடைப்பட்ட பல்லாண்டுகளில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தங்களின் மூலம் கூலியை உயர்த்திக் காட்டியிருந்தன. நடைமுறை முன்னே சென்றது. கோட்பாடு பின்னே வந்தது.

ரிக்கார்டோவின் கதை இதற்கு மறுபக்கம். அவருடைய முதன்மை நூல் 1817இல் வெளிவந்தது. நிலவாடகை பற்றிய அவரது கோட்பாடும் நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடும் தானிய இறக்குமதிக்கு எதிரான சட்டத்தை உடைக்க ஆலை முதலாளிகளுக்கு ஆயுதமாயின. அவர் இறந்து 23 ஆண்டுகளுக்குப் பின், 1846இல், அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் மதிப்பின் ஊற்று உழைப்பே என்ற அவருடைய கருத்தை 1820களிலேயே தாமஸ் ஹாட்ஜ்ஸ்கின் போன்றோர் தொழிலாளர் பக்கம் திருப்பினர். அதன்பின் அக்கருத்து மேல்தட்டு வட்டாரங்களுக்குக் கசக்கத் தொடங்கியது. 1870களில் விளிம்புநிலைப் பயன்பாட்டுக் கோட்பாடு அதன் இடத்தைப் பிடித்தது. ரிக்கார்டோவிடம் தீர்க்கப்படாத சிக்கல்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவருடைய எந்தப் பகுதி காக்கப்பட்டது, எந்தப் பகுதி கைவிடப்பட்டது என்பதைத் தர்க்கம் மட்டும் தீர்மானிக்கவில்லை.

பாலக்காடு: ஜென்மம் என்ற கோட்பாடு

பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சி அங்கே வந்தபோது ஜென்மி, காணக்காரர், நிலத்தை உழும் குடியானவர் என்று பல அடுக்கு உரிமைகள் ஒரே வயலின் மீது இருந்தன. ஐரோப்பியச் சொத்துரிமைக் கண்ணாடி வழியாகப் பார்த்த ஆட்சியாளர்களும் நீதிமன்றங்களும் ஜென்மியை முழு உடைமையாளராகவும் மற்றவர்களை வெறும் குத்தகைதாரர்களாகவும் அறிவித்தனர். நிலம் என்றால் அதற்கு ஒரே உடைமையாளர் இருக்க வேண்டும் என்ற கோட்பாடு இவ்வாறு சட்டமாயிற்று, வெளியேற்றங்கள் பெருகின.

1881இல் மலபாரின் நில உறவுகளை ஆராய நியமிக்கப்பட்ட வில்லியம் லோகன், ஜென்மி முழு உடைமையாளர் என்ற முடிவே பிழை என்று கண்டார். பழைய முறையில் விளைச்சல் பங்கிடப்பட்டதே தவிர, நிலம் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை என்பது அவருடைய வாதம். அவர் அரசின் அதிகாரி. கையில் ஆவணங்கள் இருந்தன. இருந்தும் அவருடைய மையக் கருத்து ஏற்கப்படவில்லை. குத்தகையாளர் செய்த மேம்பாடுகளுக்கு இழப்பீடு வழங்கும் 1887ஆம் ஆண்டுச் சட்டத்தோடு விவகாரம் முடிக்கப்பட்டது. சரியான கருத்துக்கு அன்று பின்பலமாக நிற்க ஓர் இயக்கம் இல்லை.

அந்த இயக்கம் 1930களில் உருவானது. விவசாயிகள் சங்கங்கள் கிராமம் கிராமமாக வளர்ந்தன. மலபார் குத்தகை விசாரணைக் குழுவின் அறிக்கையோடு இ.எம்.எஸ். இணைத்த மாற்றுக் குறிப்பு, நிலப்பிரபுத்துவத்தையே கேள்விக்குள்ளாக்கியது. 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற அரசு, ஒரு வாரத்துக்குள் வெளியேற்றங்களைத் தடைசெய்து அவசரச் சட்டம் பிறப்பித்தது. 1959 ஜூலை 31 அன்று அவ்வரசு கலைக்கப்பட்டது. ஆனால் கருத்தைக் கலைக்க முடியவில்லை. 1969ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகைமுறை ஒழிந்தது. லோகன் அறிக்கை அளித்தபின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்த வெற்றியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். உழுபவருக்கே நிலம் என்ற கோட்பாட்டில் 'உழுபவர்' யார்? சட்டத்தின் பார்வையில் அவர் குத்தகைதாரர். பாலக்காட்டுச் சேற்றில் நாற்று நட்ட தலித் விவசாயத் தொழிலாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் குடியிருப்புக்கான பத்து சென்ட் மட்டுமே. அவர்களுக்கெனத் தனிச் சட்டம் 1974இல்தான் வந்தது. தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கின் நிழலில்தான் இடுக்கியின் கதை தொடர்கிறது.

மூணாறு: பங்குதாரரான தொழிலாளி

1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற உரிமையில் தொடங்கியது கண்ணன் தேவன் மலைகளின் தோட்ட வரலாறு. காடுகளை அழித்து மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கிய கைகள் தமிழகத்திலிருந்து கங்காணிகள் கொண்டுவந்த கைகள். பெருந்தோட்டம் பெரிய அளவில் இயங்கினால்தான் ஆதாயம், அதைத் துண்டாடினால் உற்பத்தி அழியும் என்ற வாதமே நிலவிலக்குக்கு அடிப்படை. அதிலும் ஒரு துளி உண்மை இருந்தது: பறித்த கொழுந்தை உடனே பதப்படுத்தத் தொழிற்சாலை வேண்டும். ஆனால் நீலகிரியில் சிறு விவசாயிகள் கொழுந்து வளர்த்துத் தொழிற்சாலைக்குத் தருகிறார்களே! தொழிற்சாலை பெரிதாக இருக்க வேண்டும் என்பதிலிருந்து, தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இருக்கக்கூடாது என்ற முடிவு எப்படி வரும்?

2005இல் டாடா நிறுவனம் மூணாறு தோட்டங்களின் நேரடி நிர்வாகத்திலிருந்து விலகியது. உருவான புதிய நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களுக்கு அளிக்கப்பட்டன. உழைப்புக்கும் மூலதனத்துக்கும் இடையிலான முரண்பாடு இனித் தீர்ந்தது, தொழிலாளியே உடைமையாளர் என்று ஒரு புதிய கோட்பாடு புகழப்பட்டது.

அதற்கான சோதனை 2015 செப்டம்பரில் வந்தது. லாபம் குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி, 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. காகிதத்தில் உடைமையாளர்களான பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். அன்று அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். பங்குப் பத்திரம் இருந்தது. எதைத் தீர்மானிக்கவும் அதிகாரம் இல்லை. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் போனஸும் கருணைத்தொகையும் சேர்ந்து 20 விழுக்காடு கிடைத்தது. அடுத்த மாதம் மாநிலம் தழுவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் தேயிலைத் தோட்டக் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. 500 ரூபாய்க் கோரிக்கையிலிருந்து அது வெகுதூரம்; ஆயினும் 232க்கு மேல் முடியாது என்ற கணக்கு பொய்யாயிற்று. மில் 1869இல் ஒப்புக்கொண்டதை மூணாறு பெண்கள் மறுபடியும் நிறுவினார்கள்.

அவர்களுடைய கோபம் நிர்வாகத்தின் மீது மட்டும் பாயவில்லை. தொழிற்சங்கத் தலைமைகள் மீதும் பாய்ந்தது. இடதுசாரிச் சங்கங்களும் விதிவிலக்காகவில்லை. இதை எதிரிகளின் சூழ்ச்சி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தொழிலாளியின் நலனைத் தலைமை அறியும் என்பதும் ஒரு கோட்பாடுதான். அது நீண்டகாலம் சோதிக்கப்படாமலே ஏற்கப்பட்டிருந்தது. வெஸ்டனின் பிழை இயக்கத்துக்கு வெளியே பிறந்ததன்று என்பதை மறக்கக்கூடாது.

2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் பறிபோயின. தலைமுறைகளாக உழைத்தவர்களுக்கு வீடு நிறுவனத்தின் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டிய வீடு. எங்கே வசிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நிலமற்றவருக்கு இல்லை. வரி குறிப்பிடாத பெருமழை இயற்கையின் செயலாக இருக்கலாம். அதன் பாதையில் யார் உறங்கினார்கள் என்பது நில உறவின் செயல். கேரள வளர்ச்சி மாதிரி என்று 1970களிலிருந்து உலகம் பேசிய சாதனை பெரிது: வருமானம் உயரும்வரை காத்திராமல் கல்வியையும் சுகாதாரத்தையும் மக்களுக்கு அளிக்க முடியும் என்பதை அது காட்டியது. அந்தச் சாதனையின் விளிம்பில் தோட்ட லயங்களும் ஆதிவாசி ஊர்களும் நிற்கின்றன என்பதும் அதே அளவு உண்மை.

பிளாச்சிமடை: விலையில் சேராத செலவு

மறுபடியும் பாலக்காடு எல்லைக்கு வருவோம். சித்தூர் வட்டம் பெருமாட்டி ஊராட்சியில், தமிழகத்துக்கு அருகே, 2000இல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. முதலீடு வந்தால் வேலை வரும், வேலை வந்தால் வளம் வரும் என்பதே அன்றைய பொதுப்புத்தி. ஆலை வந்தது இடதுசாரி ஆட்சிக் காலத்தில் என்பதை மறைப்பதற்கில்லை. சிறிது காலத்திலேயே கிணற்று நீர் குறைந்தது. இருந்த நீரும் குடிக்க உதவவில்லை. 2002 ஏப்ரலில் மயிலம்மா உள்ளிட்ட ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் அமர்ந்தார்கள். பெரிய கட்சிகள் அங்கே வந்து சேரத் தாமதமாயிற்று. 2004இல் ஆலை நின்றது.

உற்பத்தியாளர் பிறர்மீது சுமத்தும் செலவு சந்தை விலையில் சேர்வதில்லை என்பதை 1920இலேயே பிகூ என்ற பிரிட்டிஷ் பொருளியலறிஞர் எழுதினார். 1960இல் ரொனால்டு கோஸ், உரிமைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டு, பேரம் பேசுவதற்குச் செலவே இல்லையென்றால் இரு தரப்பும் தாமே பேசித் தீர்க்கலாம் என்றார். சந்தைவாதிகள் அந்த நிபந்தனையை மறந்துவிட்டு முடிவை மட்டும் பிடித்துக்கொண்டனர். குடம் தூக்கிக் கிலோமீட்டர்கள் நடக்கும் பெண்ணும் பன்னாட்டு நிறுவனமும் சமமாக அமர்ந்து பேரம் பேசும் மேசை உலகில் எங்கும் இல்லை.

2010இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, நீருக்கும் வேளாண்மைக்கும் உடல்நலத்துக்கும் நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. 2011 பிப்ரவரியில் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கோட்பாடு பாடநூலில் இருந்தது. கணக்கு அரசின் கையில் இருந்தது. சட்டமன்றத்தின் ஒப்புதலும் இருந்தது. தில்லியில் அதிகாரச் சமநிலை மட்டும் மாறவில்லை. எனவே ஒரு ரூபாயும் அந்த வழியில் மக்களை அடையவில்லை.

செய்ய வேண்டியது

தோழர்களே, இவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, ஏற்கப்பட்ட கோட்பாடு முழுப்பொய்யாக இருப்பது அரிது. அதிலுள்ள துளி உண்மையைக் கண்டு பிரித்தெடுக்காமல் வெறும் முழக்கத்தால் அதை வீழ்த்த முடியாது. தேயிலை விலை வீழ்கிறது என்று நிர்வாகம் சொன்னால், ஏல விலைக்கும் கடை விலைக்கும் இடையிலான தொகை எங்கே போகிறது என்று கணக்கோடு கேட்கும் திறன் கிளைச் செயலாளருக்கு வேண்டும்.

இரண்டு, சரியான கருத்து தானே வெல்வதில்லை. லோகனின் அறிக்கை 90 ஆண்டுகள் காத்திருந்தது. பிளாச்சிமடையின் மசோதா ஒப்புதல் பெறாமலே போயிற்று. காத்திருப்பைக் குறைப்பது அமைப்பு.

மூன்று, இந்த அளவுகோல் இயக்கத்தின் சொந்தக் கோட்பாடுகளுக்கும் பொருந்தும். தோட்டங்களுக்கான விலக்கு 1960களில் ஏற்ற முடிவாக இருந்திருக்கலாம். பெட்டிமுடிக்குப் பின்னும் அது கேள்விக்கு அப்பாற்பட்டதா? தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீட்டு நிலம், பேச்சுவார்த்தைக் குழுவில் பெண்களுக்கு உரிய பங்கு, எல்லையின் இருபுறமும் உள்ள தமிழ், மலையாளத் தொழிலாளர்களின் கூட்டு அமைப்பு ஆகியவை தயவு கோரும் மனுக்களல்ல. கோட்பாட்டைத் திருத்துவதற்கான பணிகள்.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் "தொகை இவ்வளவுதான்" என்ற வாக்கியம் மீண்டும் வரும். அதற்கு விடை சொல்ல, கொழுந்து பறிக்கும் ஒரு பெண் கணக்கேட்டோடு மேசையில் அமர்ந்திருக்க வேண்டும். கட்சிக் கல்வியின் வெற்றியை அங்கே அளந்து பார்க்கலாம்.