அஞ்சும் பிள்ளையும் இரு ஆசான்களும்

(பெற்றோர் தினக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஜிம்னாஸ்டிக் பயிலும் சிறு பிள்ளைகளுக்கு உண்டாகும் அச்சத்தைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டேன். பெண்பிள்ளைகள் ஏறி நிற்கும் சமநிலைக் கட்டையின் அகலம் 10 சென்ரிமீற்றர். ஓர் உள்ளங்கையின் அகலந்தான். அதன் உயரம் 125 சென்ரிமீற்றர். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய அவள் கழுத்தளவு. அதன்மேல் நின்று, கண் காணாத பின்புறத்திலே பாய்ந்து, கையூன்றி, மீண்டும் காலூன்ற வேண்டும். இதற்கு அஞ்சும் பிள்ளை கோழையல்லள். அஞ்சாத பிள்ளையைப் பற்றித்தான் நான் கவலைகொள்வேன்.

பெற்றோரைக் குழப்புவது யாதெனில், நேற்றுவரை செய்துவந்த பிள்ளை இன்று மறுப்பதாகும். சோம்பல் என்கிறார் தந்தை. பிடிவாதம் என்கிறார் தாய். பெரும்பாலும் இரண்டுமல்ல. பிள்ளை வளர்ந்திருப்பாள், மனம் கற்றுவைத்த பழைய உடலின் அளவு புதிய உடலுக்குப் பொருந்தாது போயிருக்கும். அல்லது தோழி ஒருத்தி விழுந்ததைக் கண்டிருப்பாள்.

உலகத்தின் முதல்வர்களுக்கும் இது நேர்கிறது. அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் குழுப்போட்டியிலே இரண்டரை முறை சுழலவேண்டிய பாய்ச்சலில் ஒன்றரை முறையே சுழன்று இறங்கினார். காற்றிலே தன் உடல் எங்கிருக்கிறது என்ற உணர்வு அவரை விட்டகன்றது. ‘ட்விஸ்டீஸ்’ என்று அவ்விளையாட்டுக்காரர் சொல்லும் நிலை அதுவே. உடனே விலகினார். தூற்றியோர் பலர். சில நாள் கழித்துக் கட்டைப் போட்டிக்கு மட்டும் வந்தார். வழக்கமாகச் சுழன்று இறங்குபவர், சுழற்சியில்லாத இறக்கம் ஒன்றைத் தெரிந்தெடுத்து வெண்கலம் பெற்றார். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அச்சத்தை மறுக்கவும் இல்லை, அதற்கு முற்றாக அடிபணியவும் இல்லை. இன்று இயலுவது எதுவோ அதைச் செய்தார். 2024ஆம் ஆண்டு பாரிஸிலே மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். (நம் நாட்டு மில்கா கெஹானியும் அந்த டோக்கியோக் களத்திலேதான் இறங்கினார், இவ்விளையாட்டிலே ஒலிம்பிக் சென்ற முதல் இலங்கையர் அவரே.)

இதே பைல்ஸ் 2013ஆம் ஆண்டில், பதினாறு வயதிலே, ஒரு போட்டியில் விழுந்தும் தடுமாறியும் நின்றபொழுது, அவருடைய அக்காலப் பயிற்றுநர் எமி பூர்மன், “இன்னும் ஒரு பாய்ச்சல்” என்று தள்ளவில்லை, போட்டியினின்று நீக்கிக்கொண்டார். பின்னர் மனநல அறிஞர் ஒருவரின் உதவியும் கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவர் உலக முதல்வரானார்.

இனி மறுபக்கம். சோவியத் நாட்டு எலேனா முகினா 1978ஆம் ஆண்டின் உலக முதல்வர். கால் முறிந்து முற்றாக ஆறுமுன்னரே மீண்டும் பயிற்சிக்கு இறக்கப்பட்டார். ஆபத்தான ஒரு குட்டிக்கரணத்தைத் தாம் அஞ்சியதாகவும், அது பொருட்படுத்தப்படவில்லை என்றும் பின்னாளில் அவரே கூறினார். 1980 ஜூலையிலே மின்ஸ்க் நகரில் அதே கரணத்தில் கழுத்து முறிந்தது. அப்போது வயது இருபது. 2006ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை.

ஆகவே கடுமையான ஆசான் தீயவர், மென்மையானவர் நல்லவர் என்று கொள்ளலாமோ? அவ்வளவு எளிதன்று. கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. நேரந்தவறாமை, நூறு தடவை அடிப்படைப் பயிற்சி, குறையை ஒளியாமற் கூறல் ஆகியவை கண்டிப்பு. நோவென்று சொல்லும் பிள்ளையை மேலும் குதிக்கச் செய்தல், உடற்பருமனைப் பழித்தல், பெற்றோரைக் கூடத்தினுள் விடாதிருத்தல் என்பவை வேறு கணக்கு. பிரித்தானியாவிலே 2022ஆம் ஆண்டு வெளிவந்த வைற் அறிக்கைக்கு 400க்கு மேற்பட்டோர் தம் கூற்றுகளை அனுப்பினர். காயத்தோடு பயிற்சி செய்வித்தமையும் உணவையும் நீரையும் மறுத்தமையும் அவற்றில் உண்டு. மென்மையிலும் குறையுண்டு. “பயமென்றால் விட்டுவிடு” என்று நாள்தோறும் விட்டுவிடும் ஆசானிடத்தில் அச்சம் வேரூன்றிவிடும்.

இரு பயிற்றுநரிடம் பயிலும் பிள்ளையின் நிலை இன்னும் இக்கட்டானது. ஒருவர் “யோசியாதே, போ” என்பார். மற்றவர் “நிதானித்துப் போ” என்பார். கட்டையின்மேல் நிற்பவளுக்கு இரு குரலும் ஒருங்கே கேட்கும். கால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இதைத் தீர்ப்பது பிள்ளையின் வேலையன்று. பெற்றோர் இருவரையும் ஒருங்கு கண்டு, இந்த ஒரு வித்தையில் யார் சொல் நிற்கும் என்று பிள்ளையின் முன்னிலையில் முடிவுசெய்வித்தல் வேண்டும். பிள்ளை வீட்டிலே ஓர் ஆசானைக் குறைகூறும்போது தாமும் சேர்ந்து குறைகூறும் பெற்றோர், மறுநாள் அவளை அவரிடமே அனுப்புகிறார்கள் என்பதை மறக்கிறார்கள்.

அச்சம் நீங்கும் வழி படிப்படியானது. முதலில் நிலத்திலே கீறிய கோட்டின்மேல், பின் தாழ்ந்த கட்டையில், பின் உயர்ந்த கட்டையின் இருமருங்கும் மெத்தைகளை அடுக்கி, பயிற்றுநர் கைகொடுக்க, பின் கையை அருகே வைத்திருக்க மட்டும், ஈற்றிலே மெத்தைகளை ஒவ்வொன்றாய் எடுத்து. ஒரு படியிலே தடங்கினால் அதற்கு முந்திய படிக்கு இறங்குவது தோல்வியன்று. எந்தப் படியில் இன்று நிற்பது என்பதைப் பிள்ளையையே கேட்கலாம். அவள் வாயால் சொன்ன படியை அவள் பெரும்பாலும் செய்வாள்.

இதில் நமக்குள்ள வேலை சிறிது. மூன்றாவது பயிற்றுநராக நாம் ஆகவேண்டாம். வீடு திரும்பும் பஸ்ஸிலே, “இன்றைக்கு அதைச் செய்தாயா?” என்று கேட்கிறோமே, அக்கேள்வியை ஒரு மாதத்துக்கு நிறுத்திப் பாருங்கள். “பசிக்கிறதா, பிள்ளை?” என்று கேளுங்கள். செய்திருந்தால் அவளே சொல்வாள்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இம்மட்டில் அமைகிறேன்.