கயிற்றில் கட்டிய பந்து



கேமரன் மலையின் திரிங்காப்பில், இந்த மேடைக்கு முன்னால் பாயில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு மணி நேரமாக. பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று நாம் முழங்குவதைக் கேட்க, அவர்களை ஆடாமல் அசையாமல் உட்கார வைத்திருக்கிறோம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

வருகிற வழியில் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றின் பக்கம் வண்டியை நிறுத்தினேன். நாலு பையன்கள். முட்டைக்கோஸ் மூட்டை கட்டுகிற வலைப்பை இருக்கிறதே, அதற்குள் பந்தைப் போட்டு வாயை இறுக்கி, கயிற்றின் மறுமுனையை வேலிக் கம்பத்தில் முடிந்திருந்தார்கள். உதைத்தால் கயிறு விடுகிற தூரம் போகும், சுண்டி இழுத்துத் திரும்பி வரும். ஏன்டா இப்படி என்றேன். "கீழ உருண்டா போச்சு அங்கிள். பிளாஸ்டிக் கூரை மேல விழுந்தா தவுக்கே மொதலாளி ஏசுவாரு." மாட்டைக் கட்டுவார்கள், நாயைக் கட்டுவார்கள். பந்தைக் கட்டிப்போட்டு விளையாடுகிற பிள்ளைகளை நான் இந்த மலையில்தான் பார்த்தேன்.

தேயிலைக்கு வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, அதனால் அதற்குச் சரிவு பிடிக்கும். 1929-இல் ஆங்கிலேயர் ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இந்தச் சரிவுகளில் காடழித்து, செடி நட்டு, கொழுந்து கிள்ளியதில் நம் பாட்டன் பாட்டிமார் கை இருக்கிறது. அப்புறம் காய்கறிக்குச் சமதளம் கேட்டார்கள், வெட்டினார்கள். ரோஜாவுக்கு வெட்டினார்கள். ஹோட்டலுக்கு வெட்டினார்கள். சுற்றுலாப் பேருந்து திரும்புவதற்குக்கூட வெட்டினார்கள். அப்போதெல்லாம் மலை வழிவிட்டது. பிள்ளைகளுக்கு என்று வாயைத் திறந்தால் மட்டும், "மலைப் பிரதேசம் ஐயா, இடத்துக்கு எங்கே போவது?"

கோலாலம்பூரிலிருந்து வருகிற பிள்ளை ஸ்திராபெரித் தோட்டத்தில் காசு கட்டி, பழம் பறித்து விளையாடுகிறது. நம் பிள்ளை சனிக்கிழமையில் அம்மாவோடு போய் அதே பழத்தைப் பெட்டியில் அடுக்குகிறது. செடி ஒன்றுதான்.

1923 தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வை என்றது. சரி, வெள்ளைக்காரன் தலையை எண்ணினான். பள்ளிவிட்ட பிறகு அந்தப் பத்துப் பேர் எங்கே ஓடுவார்கள் என்று அவனும் யோசிக்கவில்லை, பிறகு வந்தவர்களும் யோசிக்கவில்லை. 1989-இல் ஐ.நா.வின் சிறுவர் உரிமை உடன்படிக்கை வந்தது. அதில் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. 1995-இல் மலேசியா அதில் சேர்ந்தபோது பல பிரிவுகள் தனக்கு ஒத்துவராது என்று எழுதிக் கொடுத்தது. 31-ஐப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஒப்புக்கொண்ட கடனைத்தான் கேட்கிறோம்.

ஒரு தாய் அங்கே முகத்தைச் சுளிக்கிறார். விளையாடினால் சோறு வருமா என்கிறது அந்த முகம். அம்மா, உங்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. என் அம்மா என் கோலிகளை எல்லாம் அடுப்புச் சாம்பலில் கொட்டினார். நான் படித்தால்தான் தோட்டத்தை விட்டு வெளியேறுவேன் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் சோதனையையே 2021-இல் எடுத்துவிட்டார்கள். சோதனை போய்விட்டது, டியூஷன் போகவில்லை! ஆறு வயதுப் பிள்ளை இருட்டியபின் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வருகிறது.

விளையாட்டு என்றதும் ஓட்டக்காரர் எம். ராஜாமணி நினைவுக்கு வருகிறார்; அவர் பிறந்த தாப்பா இந்த மலைக்கு அடிவாரத்தில்தான் இருக்கிறது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966-இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை. இதைச் சொன்னதும் முன்வரிசையில் சில கண்கள் மின்னுகின்றன: கோப்பை, பயிற்சியாளர், படம் போட்ட பனியன், பத்திரிகையில் நாலு பத்தி. வேண்டாம் ஐயா, ஆளை விடுங்கள். ஓடுகிற பிள்ளையெல்லாம் பதக்கத்துக்கா ஓடவேண்டும்? சும்மா ஓடட்டும். பாண்டி ஆடட்டும், கில்லி அடிக்கட்டும், தோற்றுப்போய் அழட்டும், சேற்றில் புரண்டு அடி வாங்கட்டும். பசி தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் கேட்காமலே கிடைக்கிறது. நம் பிள்ளைக்கு அரிசிப் பை தருகிறோம், புத்தகப் பை தருகிறோம், கூடவே ஒரு படமும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு மணி நேரம் மட்டும் தரமாட்டோம்.

நான் கேட்பது பெரிய அரங்கம் இல்லை. பள்ளித் திடல் இருக்கிறது, மணி அடித்ததும் பூட்டு விழுகிறது. அந்தச் சாவியை ஆறு மணி வரை யாரிடம் கொடுப்பது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். திடல் இல்லாத லயத்தில் ஒரு பூப்பந்து மைதான அளவுக்காவது மண்ணைச் சமப்படுத்துங்கள், கீழ்ப்பக்கம் வலை அடியுங்கள். பெயர்ப்பலகை வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். விழா வைத்தால் இந்தப் பிள்ளைகளைத்தான் மறுபடியும் பாயில் உட்கார வைப்பீர்கள்.

தலைவர் அவர்களே, எனக்குப் பிறகு ஏழு பேர் பேச இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளா, எழுந்திருங்கள். பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது. மழை இறங்க இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். ஓடுங்கள்!